காஸ்த்ரு: ஓர் ஊரின் பெயரும் ஒரு கட்டுக்கதையின் கணக்கும்

சிற்றூர் அணி ஒன்று பெருநகர அணியை வீழ்த்தும்போதெல்லாம் பிரெஞ்சு விளையாட்டு எழுத்து தயாராக வைத்திருக்கும் உவமை ஒன்றுண்டு: ரோமுக்கு அடிபணியாத கோல் இனத்தவரின் கிராமம். ஆஸ்டெரிக்ஸ் சித்திரக்கதைகள் உலகறியச் செய்த இந்த உவமை, தென்மேற்குப் பிரான்சின் தார்ன் மாவட்டத்தில், அகூ ஆற்றங்கரையில் இருக்கும் காஸ்த்ரு நகரத்து ரக்பி யூனியன் கழகத்தின்மீது எத்தனையோ முறை ஒட்டப்பட்டுவிட்டது. அந்த ஊரின் பெயரோ, அரண் என்றும் படைமுகாம் என்றும் இலத்தீனில் பொருள்படும் ‘காஸ்த்ரும்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ரோமானிய அரணின் பெயரைச் சுமந்து நிற்கும் ஊரைத்தான் ரோமுக்கு அடங்காத கிராமம் என்கிறார்கள்.

இது சொற்பிறப்பியல் வேடிக்கை மட்டுமே என்றால் சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம். ஆனால் உவமை என்பது ஒன்றைக் காட்டுவதற்காக மற்றொன்றை மறைக்கும் கருவி. காஸ்த்ருவைப் பற்றிய உவமை எதை மறைக்கிறது என்று பார்த்தால், பிரெஞ்சு ரக்பியின் நூறாண்டு வரலாறே அந்த மறைப்பின் வரலாறு என்பது புலப்படும். ஆய்வுலகமும் இந்த மறைப்பில் பங்காளி. செய்தித்தாள் ‘மந்திரக் கஷாயம்’ என்று எழுதும் இடத்தில் கருத்தரங்குக் கட்டுரை ‘வட்டாரப் பண்பாடு’ என்று எழுதுகிறது. ‘மண்வாசம்’, ‘மணிக்கூண்டுப் பற்று’, ‘கூட்டு நினைவு’ என்று அடுக்குகிறது. சொற்கள் கனமாகின்றன, விளக்கம் மட்டும் அங்குலம்கூட நகர்வதில்லை.

முதலில் உண்மைகள். காஸ்த்ருவின் மக்கள்தொகை ஏறத்தாழ 42,000. சோசலிசத் தலைவர் ழான் ழோரெஸ் 1859இல் பிறந்த ஊர் அது. கம்பளித் துணி நெய்து பிழைத்த ஊர். ‘காஸ்த்ரு ஒலிம்பிக்’ என்ற ரக்பிக் கழகம் அங்கே 1906இல் உருவானது. 1949இல் மோன்-தெ-மார்சானுடனான இறுதி ஆட்டம் 3-3 என்று சமனில் முடிய, மறு ஆட்டத்தில் 14-3 என்று வென்று முதன்முறை பிரான்சின் சாம்பியனானது. அடுத்த ஆண்டே பாரிஸின் ராசிங் கழகத்தை 11-8 என்று வென்று பட்டத்தைத் தக்கவைத்தது. பிறகு நாற்பதாண்டுகளுக்கு மேல் பட்டம் ஏதுமில்லை. 1993, 2013, 2018 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் வென்றது. ரக்பி யூனியன் தொழில்முறை ஆட்டமாக அறிவிக்கப்பட்ட 1995க்குப் பிறகு, இந்தக் கழகம் மேல்பிரிவிலிருந்து ஒருமுறைகூடத் தரமிறக்கப்படவில்லை. 2018இல் லீக் சுற்றை ஆறாவது இடத்தில் முடித்து, கடைசியாகத் தகுதிபெற்ற அணியாக உள்ளே நுழைந்து, இறுதியில் மோன்பெலியேவை 29-13 என்று சாய்த்தது.

பெருமைக்குரிய வரலாறுதான். இதைப் பண்பாட்டால் விளக்க முடியுமா என்பதே கேள்வி. இயற்கை அறிவியலாளர் சோதனைக்கூடத்தில் செய்வதை இங்கே வரலாறே செய்து காட்டியிருக்கிறது. தார்ன் மாவட்டத்துக்குள்ளேயே, ஒரே மொழி, ஒரே உழைப்பாளர் மரபு, ஒரே விளையாட்டு வெறி கொண்ட வேறு ஊர்களை எடுத்துக்கொண்டு ஒப்பிட்டால் போதும்.

காஸ்த்ருவிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது மஸாமே. அர்ஜென்டினாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் கப்பலில் வந்த ஆட்டுத்தோல்களை ஊறவைத்து, வெதுவெதுப்பான அறைகளில் தொங்கவிட்டு, தளர்ந்த கம்பளியைப் பிரித்தெடுக்கும் தொழிலில் உலகறிந்த ஊர் அது. 1958இல் அதன் அணி பிரெஞ்சு சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம்வரை சென்று, லூர்துவிடம் 8-25 என்று தோற்றது. அந்த அணியின் லூசியன் மியாஸ், தொழிலால் மருத்துவர். அதே 1958இல் தென்னாப்பிரிக்க மண்ணில் தொடரை வென்ற பிரெஞ்சு அணியின் ஆட்டமுறையை வகுத்தவர். 1959இல் பிரான்ஸ் முதன்முறையாக ஐந்து நாடுகள் போட்டியைத் தனித்து வென்றபோது அதன் தலைவர். பண்பாடு, நினைவு, வீரர், பயிற்சி என எதிலும் மஸாமே காஸ்த்ருவுக்குக் குறைந்ததில்லை.

மாவட்டத்தின் வடக்கே நிலக்கரிச் சுரங்க ஊரான கார்மோ. ழோரெஸைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தொழிலாளர்களின் தொகுதி. 1951இல், காஸ்த்ரு இருமுறை தொடர்ந்து வென்ற அடுத்த ஆண்டே, கார்மோ தார்ப் அணியைக் கூடுதல் நேரத்தில் 14-12 என்று வென்று பிரான்சின் சாம்பியனானது. மூன்றாண்டுகள் தொடர்ச்சியாகப் பட்டம் ஒரே மாவட்டத்துக்குள் தங்கியது. தோல் பதனிடும் ஊரான கிரோலேயும் பல பருவங்கள் முதல்தரப் போட்டிகளில் ஆடிய கழகத்தை வைத்திருந்தது.

இன்று இந்த மூன்று ஊர்களும் எங்கே? மஸாமேயின் கம்பளித் தொழில் சரிந்தது. கார்மோவின் சுரங்கங்கள் மூடப்பட்டன. கிரோலேயின் தோல் பட்டறைகளில் பெரும்பாலானவை பூட்டிக்கொண்டன. தொழில் போன வழியிலேயே கழகங்களும் போயின. பிரெஞ்சுத் தொழில்முறை ரக்பியின் இரு பிரிவுகளிலும் அந்தப் பெயர்கள் இல்லை. அந்த ஊர்களில் மணிக்கூண்டுகள் அப்படியே இருக்கின்றன. மணிக்கூண்டுப் பற்றும் இருக்கிறது. இல்லாமல் போனது வேறொன்று.

காஸ்த்ருவின் நெசவும் நலிந்தது. ஆனால் அங்கே ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். 1926இல் அதே ஊரில் பிறந்த பியேர் ஃபாபர், ஒரு காட்டுப் புதரின் வேரிலிருந்து இரத்தநாளக் கோளாறுக்கான மருந்தைத் தயாரித்து, 1960களின் தொடக்கத்தில் ஒரு நிறுவனத்தை நிறுவினார். கிளோரான், டுக்ரே, அவேன் என்று தலைமுடிக்கும் தோலுக்குமான பொருள்களோடு அது பன்னாட்டு நிறுவனமாக வளர்ந்தது. தலைமையிடத்தை அவர் பாரிஸுக்கு மாற்றவில்லை. 1980களின் இறுதியில் ஊரின் ரக்பிக் கழகமும் அவர் நிறுவனத்தின் ஆதரவுக்குள் வந்தது. அதன்பின் ஐந்தாண்டுகளுக்குள்ளேயே, 1993இல், காஸ்த்ரு மீண்டும் சாம்பியன். 2013 ஜூன் முதல் நாள் தூலோனை 19-14 என்று வென்று நான்காவது பட்டம். அடுத்த மாதம் ஃபாபர் மறைந்தார். நிறுவனத்தின் பங்குகளைத் தம் பெயரிலான அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார். 2017இல், பியேர்-அந்துவான் என்ற பெயரில் இருந்த கழகத்தின் ஆடுகளம் ‘பியேர் ஃபாபர்’ ஆனது. ஒரே முதற்பெயர், மாறியது பின்பாதி மட்டும். ஆனால் கழகத்தின் முப்பதாண்டு வரலாறு முழுவதும் அந்தப் பின்பாதிக்குள் அடங்கியிருக்கிறது.

மஸாமேக்கும் காஸ்த்ருவுக்கும் இடையிலான வேறுபாடு உணர்வில் இல்லை. ஊதியப் பட்டியலில் கையெழுத்திடுபவர் யார் என்பதில் இருக்கிறது. இதைச் சொல்ல முனைவர் பட்டம் தேவையில்லை. சொல்லாமல் இருப்பதற்குத்தான் பெரும் கல்வி தேவைப்படுகிறது.

இந்த மௌனம் நேற்று பிறந்ததன்று. அதற்கென்று ஓர் அகராதியே உண்டு. ‘அமேச்சூர்’ என்ற சொல்லின் வேர் இலத்தீனில் ‘விரும்புபவர்’. அன்பினால் ஆடுபவர், கூலிக்கு ஆடாதவர். இங்கிலாந்தின் மேட்டுக்குடிப் பள்ளிகள் இந்தச் சொல்லை ஒரு வேலியாக்கின. ஆட்டத்துக்காக வேலைநாளை இழக்கும் தொழிலாளிக்கு இழப்பீடு தருவதும் குற்றமாயிற்று. ரக்பி இரண்டாகப் பிளந்ததே அந்தத் தகராறில்தான். பிரான்சின் தெற்கே தொழிலாளர் ஊர்களுக்கு ஆட்டம் பரவியபோது விதி அப்படியே வந்து சேர்ந்தது. நடைமுறை அதற்கு அடியில் வேறு வழியில் ஓடியது.

அந்த நடைமுறைக்குப் பிரெஞ்சு மொழி தந்த பெயர் ‘அமேச்சூரிஸ்ம் மரோன்’. ‘மரோன்’ என்றால் பழுப்பு நிறம் என்று கருதிப் பலர் கடந்துபோகிறார்கள். இந்தச் சொல்லின் வழி வேறு. கரீபியக் குடியேற்றங்களில் பண்ணையிலிருந்து தப்பி மலைகளுக்குள் ஓடிய அடிமையைக் குறித்த ‘சிமர்ரோன்’ என்ற ஸ்பானியச் சொல் பிரெஞ்சில் ‘மரோன்’ ஆயிற்று. பின்னர் உரிமம் இல்லாமல் தொழில் செய்யும் தரகருக்கும் வழக்கறிஞருக்கும் அடைமொழியாயிற்று. கடைசியில், திருட்டுத்தனமாக ஊதியம் பெறும் ரக்பி வீரருக்கு வந்து சேர்ந்தது. உழைப்புக்குக் கூலி பெறுபவனைக் குறிக்க ஒரு மொழி, தப்பியோடிய அடிமையின் பெயரைத் தேடி எடுத்திருக்கிறது. கூலி கொடுப்பவருக்கு அப்படியொரு அடைமொழியை அந்த மொழி உருவாக்கவில்லை. அவருக்கு ஏற்கெனவே மரியாதையான பெயர் இருந்தது: புரவலர்.

கீயான் என்ற ஊரின் கதை இதற்குச் சான்று. ஓட் பள்ளத்தாக்கில் சுமார் 3,000 பேர் வாழ்ந்த ஊர். தொப்பி ஆலை அதிபர் ழான் பூரெல் 1920களில் ஒரு வலுவான அணியை விலைகொடுத்துக் கட்டினார். பெர்ப்பிஞானிலிருந்து பயிற்சியாளரும் வீரர்களும் பெயர்ந்து வந்தனர். வந்தவர்களுக்குத் தொப்பித் தொழிலில் வேலை. தாளில் அவர்கள் அனைவரும் அமேச்சூர்கள். 1927இல் பெர்ப்பிஞானுக்கு எதிரான ஆட்டத்தில் ஏற்பட்ட காயத்தால் கீயான் வீரர் கஸ்தோன் ரிவியேர் உயிரிழந்தார். ‘அன்பினால் ஆடுபவர்’ என்ற வரையறைக்குள் பணியிட மரணம் என்ற சொல்லுக்கு இடமில்லை. 1929இல் கீயான் லெஸின்யானை 11-8 என்று வென்று பிரான்சின் சாம்பியனானது. தொப்பித் தொழில் நொடித்தது. அணியும் மேல்மட்டத்திலிருந்து மறைந்தது. வியப்புக்குரிய எழுச்சி என்றும் சோகமான வீழ்ச்சி என்றும் இதை எழுதுவார்கள். கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒரே வரிதான்.

1931இல் பிரிட்டானியச் சங்கங்கள், மறைமுக ஊதியத்தையும் வன்முறையையும் காரணம் காட்டி பிரான்சுடன் உறவை முறித்துக்கொண்டன. 1934இல் ழான் காலியா முன்னின்று, ஊதியத்தை வெளிப்படையாக ஏற்ற பதின்மூவர் ரக்பியைப் பிரான்சில் தொடங்கினார். ஒளிக்காமல் கூலி கொடுத்த அந்த அமைப்புக்கு நேர்ந்ததென்ன? 1941 டிசம்பர் 19 அன்று விஷி அரசு ஆணை பிறப்பித்து அதைக் கலைத்தது, உடைமைகளைப் பறித்தது. விளையாட்டின் தூய்மை என்ற பெயரில் பாசிசத்தோடு கைகோத்த அரசு பதின்மூவரைத் தடைசெய்தபோது, கூலியை மேசைக்கடியில் கொடுத்துவந்த பதினைவர் ரக்பி பத்திரமாக இருந்தது. ‘அமேச்சூர்’ என்ற சொல் வெறும் கற்பனை நயம் என்று நினைப்பவர்கள் இந்த நாளைக் குறித்துவைத்துக்கொள்ளட்டும். ஒரு சொல் சொத்தைப் பறிமுதல் செய்யவும் வல்லது.

இப்போது எதிர்வாதங்கள். முதல் எதிர்வாதம்: ‘பணமே எல்லாம் என்றால் அதிகப் பணமுள்ள அணியே ஆண்டுதோறும் வெல்லவேண்டும், 2018இல் ஆறாமிடத்து காஸ்த்ரு வென்றது எப்படி?’ நேர்மையான கேள்வி. விடை, வெற்றியும் இருப்பும் வேறு வேறு என்பதில் இருக்கிறது. கோப்பையைப் பயிற்சியாளர் கிறிஸ்தோஃப் உரியோஸின் திட்டமும் வீரர்களின் உடலும் வெல்லலாம், அதிர்ஷ்டமும் வெல்லலாம். 1993 இறுதியில் கிரெநோபிளுக்கு எதிராக 14-11 என்று வென்றபோது, முன்னாள் நியூசிலாந்துத் தலைவர் கேரி வெட்டனுக்கு வழங்கப்பட்ட புள்ளி தவறானது என்பதை நடுவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆனால் கோப்பையை வெல்லும் வாய்ப்புள்ள களத்தில் முப்பதாண்டுகள் தொடர்ந்து நிற்பது அதிர்ஷ்டத்தின் வேலையன்று. அதற்கு ஆண்டுதோறும் பற்றாக்குறையை நிரப்பும் கை வேண்டும். பிரெஞ்சு லீக்குக்கு இது நன்றாகவே தெரியும். நிதி நிலை சரியில்லாத கழகத்தைத் தரமிறக்கும் கணக்காய்வு அமைப்பை அது வைத்திருக்கிறது. 2000இல் தூலோன் போன்ற பெருங்கழகமே நிதிக் காரணத்தால் இரண்டாம் பிரிவுக்கு அனுப்பப்பட்டது. லீக்கின் கணக்காளர் அறிந்ததை லீக்கைப் பற்றி எழுதும் பண்பாட்டு ஆய்வாளர் அறியாதிருப்பது விந்தை.

இரண்டாவது எதிர்வாதம்: ‘ஃபாபர் வெளியாள் அல்லர், மண்ணின் மைந்தர். அவர் பணமும் பண்பாட்டின் பகுதியே.’ இங்கேதான் மொழி தன் வேலையைக் காட்டுகிறது. 2018 இறுதி ஆட்டத்தில் எதிரணியான மோன்பெலியேவின் உரிமையாளர் மோஹெத் அல்த்ராத். சிரியாவின் பாலைவன நாடோடிக் குடும்பத்தில் பிறந்து, பிரான்சில் கட்டடச் சாரத் தொழிலில் செல்வம் ஈட்டியவர். 2011இல் கழகத்தை வாங்கியவர். அந்த ஆட்டம் ‘சிற்றூருக்கும் கோடீஸ்வரருக்கும்’ இடையிலான போராகச் சித்திரிக்கப்பட்டது. இரு பக்கமும் தனியார் செல்வம் கட்டிய அணிகளே. ஒரு பக்கச் செல்வம் ‘பணம்’ என்றும் மறுபக்கச் செல்வம் ‘வேர்’ என்றும் பெயர் பெற்றது. எது பணம், எது வேர் என்பதைத் தீர்மானித்தது தொகையன்று, பிறந்த ஊர். இந்த வேறுபாட்டை ஆராய வேண்டிய கல்வியாளர், அதையே தம் கலைச்சொல்லாக்கிக்கொள்ளும்போது ஆய்வு முடிந்து ஆராதனை தொடங்குகிறது.

களத்தில் இருப்பவர்களிடம் ‘வேர்’ எதைக் குறிக்கிறது என்பதையும் பார்க்கலாம். காஸ்த்ரு ரசிகர்கள் தங்கள் ஊர்க்காரராகவே கொண்டாடும் ரோட்ரிகோ காபோ ஒர்த்தேகா, உருகுவேயின் மோன்தேவிதியோவைச் சேர்ந்தவர். 2002 முதல் 2020 வரை அந்தக் கழகத்துக்கு ஆடினார். 2013 இறுதியில் திருப்புமுனைப் புள்ளியை எடுத்த ரோரி கோகோட் தென்னாப்பிரிக்கர். இவர்களை ஊர் நேசித்தது உண்மை. அந்த நேசம் உயர்வானதும்கூட. அது மண்ணிலிருந்து முளைத்ததன்று. ஒப்பந்தத்தோடு தொடங்கி, உழைப்பால் சம்பாதிக்கப்பட்டது. ‘கிராமம்’ என்ற உவமை அந்த உழைப்பைத் திருடி மண்ணின் கணக்கில் வரவு வைக்கிறது.

மூன்றாவது எதிர்வாதம்தான் வலுவானது: ‘புரவலரால் ஊருக்கு என்ன கெடுதல்? மஸாமேக்குக் கிடைக்காதது காஸ்த்ருவுக்குக் கிடைத்தது, மகிழ்ச்சியடைய வேண்டியதுதானே?’ ஆம், வேலைவாய்ப்பும் மருந்து ஆலையும் ஆடுகளமும் பொய்யில்லை. காஸ்த்ருவின் ரசிகரைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் ஊரின் வேலையும் ஞாயிற்றுக்கிழமை மகிழ்ச்சியும் ஒரே கையிலிருந்து வரும்போது அந்தக் கையோடு முரண்படுவது எளிதன்று. துலூஸையும் காஸ்த்ருவையும் இணைக்கும் ஏ69 விரைவுச்சாலையை எடுத்துக்கொள்ளலாம். ஃபாபர் நிறுவனம் வெளிப்படையாகவும் நெடுங்காலமாகவும் ஆதரித்த திட்டம் அது. மரங்களின்மேல் ஏறிக் குடியிருந்து எதிர்த்தார்கள் சூழலியலாளர்கள். 2025 பிப்ரவரியில் துலூஸ் நிர்வாக நீதிமன்றம் அனுமதியை ரத்துசெய்தது; அதே ஆண்டு மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் பணிகளைத் தொடர வழிவிட்டது. சாலை தேவையா இல்லையா என்பதில் நேர்மையான கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அந்த விவாதத்தில் ஒரு தரப்பின் பெயர் ஊரின் ஆடுகள வாசலில் எழுதப்பட்டிருக்கிறது. ‘அடங்காத கிராமம்’ என்ற உவமைக்கு இந்த வாசலைப் பார்க்கும் கண் இல்லை.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் விளையாட்டுச் சமூகவியல் படிக்கும் மாணவர்களுக்கு இது தொலைதூரக் கதையாகத் தோன்றலாம். பஞ்சாபின் பக்வாரா நினைவிருக்கட்டும். துணி ஆலை ஒன்று நடத்திய ஜேசிடி கால்பந்து அணி, 1996-97இல் நடந்த முதல் தேசிய கால்பந்து லீக்கை வென்றது. 2011இல் ஆலை நிர்வாகம் அணியைக் கலைத்தது. பக்வாராவின் கால்பந்து ஆசை அந்த ஆண்டில் திடீரென்று வற்றிவிடவில்லை. கலைக்கும் அதிகாரம் ஆசைப்பட்டவர்களிடம் இல்லை, அவ்வளவுதான். காஸ்த்ருவைப் பண்பாட்டின் வெற்றி என்று வாசிக்கப் பழகியவர், பக்வாராவைப் பண்பாட்டின் தோல்வி என்றுதான் வாசிப்பார். பழி, அணியை இழந்த மக்களின் தலையிலேயே விழும். பிழையான விளக்கத்தின் விலை இது.

எனவே சிற்றூர்க் கழகங்களைப் பற்றி எழுத விரும்புவோர் மூன்று கேள்விகளிலிருந்து தொடங்கட்டும். பற்றாக்குறையை நிரப்புவது யார்? அவர் நிறுத்தினால் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு? அந்த உரிமையில் ஊருக்கு எத்தனை பங்கு? காஸ்த்ருவைப் பொறுத்தவரை ஃபாபரின் பங்குகள் அறக்கட்டளையிடம் சென்றதால் நாளையே யாரும் கழகத்தை விற்றுவிடப்போவதில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் ஆறுதல் வேறு, உரிமை வேறு. 42,000 பேரின் நினைவுகளைச் சுமக்கும் ஒரு கழகம், அவர்கள் வாக்களிக்காத ஒரு மேசையின் நல்லெண்ணத்தில் நிற்கிறது. அந்த மேசையைப் பற்றி எழுதிய பிறகு மணிக்கூண்டைப் பற்றியும் எழுதலாம், தவறில்லை.

மஸாமேயிலும் மணி அடித்துக்கொண்டுதான் இருக்கிறது.